காத்திருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள்

சிசிலியா தன் ஒரே தம்பியின் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் ஐஸ்கிரீம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோயிலில் பூசை முடிந்து, மோதிரம் மாற்றி, கேக் வெட்டி, குடும்பப் படமும் எடுத்தாகிவிட்டது. அக்கா இல்லாத அந்தப் படம் மூன்று வருடமாக லண்டனில் தம்பி ஸ்ரீபன் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. அங்கே போகும்போதெல்லாம் சிசிலியா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவாள்.

பிழை அவளுடையதல்ல. பாரிசிலிருந்து லண்டனுக்கு விடியவே புறப்பட்ட பஸ்ஸைக் கடலுக்கு இந்தப் பக்கம் எல்லைக் கடவையில் நிறுத்தி, எல்லோரையும் பொதிகளோடு இறக்கி, பாஸ்போட் பார்க்கும் கூண்டுக்கு முன்னால் திறந்தவெளியில் ஐந்து மணித்தியாலமும் பத்து நிமிடமும் மழைக்குள் நிற்கவைத்தார்கள். தலைக்கு மேலே கூரை என்று ஒன்று இல்லை. பெண்களுக்கு ஒரேயொரு கழிவறை, அதற்குத் தனியாக ஒரு வரிசை. கல்யாணத்துக்கென்று வாங்கிய சேலையின் சாயம் கழுத்திலிருந்து கால்வரை இறங்கி, ஐஸ்கிரீமுக்கு நின்ற பிள்ளைகள் அவளைப் பார்த்துப் பயந்தார்கள்.

ஆகவே எல்லைக் கடவையைத் திருத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது சிசிலியா சந்தோஷப்பட்டாள். அவள் செய்த ஒரே பிழை அந்தச் சந்தோஷம்தான்.

திருத்தப் புறப்பட்டது 'எல்லைக் கடவைகளில் பயணப் பாய்வு மேம்பாட்டுக்கான உயர் பேரவை'. பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் மெற்றோவில் ஒரு நிறுத்தம் கடந்துவிடும் என்பதால், பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் சனம் அதை 'மேம்பாடு' என்று சுருக்கிவிட்டது. மேம்பாட்டின் முதல் வேலை மக்களின் கருத்தைக் கேட்பது. அதற்காக எலோடி என்ற இளம்பெண் மஞ்சள் மேலங்கியும் கையில் டாப்லெட்டுமாக ரூ காயில் வந்து இறங்கினாள். சிசிலியா அந்தத் தெருவில் ஒரு சேலைக் கடையில் சட்டை தைப்பவள்.

கேள்வியை எலோடி கேட்பதில்லை. டாப்லெட் கேட்கும், அதுவும் தமிழில், வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும் குரலில்.

"மதிப்புக்குரிய பயனாளரே! தாங்கள் எல்லைக் கடவையில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தது உண்டா?"

பதிலையும் டாப்லெட்டே கேட்டுப் பதிந்துகொள்ளும். அப்படியானால் எலோடி எதற்கு? எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விட்டுவிடக் கூடாது, ஒரு மனிதரும் பங்களிக்க வேண்டும் என்று மேம்பாட்டின் விதி சொல்கிறது. ஆகவே பதில் சொன்னவர் ஆணா, பெண்ணா என்ற பெட்டியை மட்டும் எலோடி தன் சொந்த விரலால் தொடுவாள்.

சிசிலியா வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "ஓம்!" என்றாள்.

எலோடி நிமிர்ந்து பார்த்தாள். சிசிலியாவின் தோட்டைப் பார்த்தாள், கொண்டையைப் பார்த்தாள், கழுத்தில் தொங்கிய தாலிக்கொடியையும் பார்த்தாள்.

"ஓம், ஓம்! அஞ்சு மணித்தியாலம் பத்து நிமிஷம்!" என்று சிசிலியா அழுத்திச் சொன்னாள்.

எலோடி மரியாதையாகத் தலையசைத்து ஒரு பெட்டியைத் தொட்டாள். பயனாளர் வாயால் சொல்வதை மட்டுமே பதிய வேண்டும், கண்ணால் கண்டதைப் பதியக் கூடாது என்று அவளுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். கருத்துச் சொன்னவர்களுக்கு எல்லையில் விசேட கவனிப்புக் கிடைக்கும் என்று சொல்லிப் பெயரையும் பாஸ்போட் இலக்கத்தையும் வாங்கிக்கொண்டு, அடுத்ததாக மரக்கறிக் கடைக்குள் நுழைந்தாள்.

பின்னேரம் பாரிசுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில், வீட்டில், புருசன் மடுத்தீனிடம் சிசிலியா இதைப் பெருமையாகச் சொன்னாள். மடுத்தீன் ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறண்டில் இருபது வருடமாக வெங்காயம் வெட்டுபவர். எதற்கும் கண்ணீர் விட்டு முடித்தவர்.

"உம்மைக் கேட்டு எல்லையைத் திருத்தப் போயினமோ? நானே உம்மைக் கேட்டு ஒண்டும் திருத்திறேல்லை."

"அதுதான் குசினிப் பைப் ரண்டு வருஷமா ஒழுகுது," என்றாள் சிசிலியா.

அடுத்த வருடம் மார்க்ஸ் டோர்மோய் மெற்றோவுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் மேம்பாடு தன் 'கூட்டுச் சிந்தனைப் பட்டறை'யை நடத்தியது. வந்தவர்களுக்குக் கழுத்தில் பெயரட்டை, மேசைக்கு ஒரு கட்டு ஒட்டுத்தாள். சிசிலியாவின் அட்டையில் 'முசியே சிசிலியா' என்றிருந்தது. அவசரத்தில் யாரோ பிழையாக அடித்துவிட்டார்கள் என்று நினைத்து, ஆண்களுக்குப் போடும் அந்த முசியேயைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மொழிபெயர்க்க அருண்பிரசாத் வந்திருந்தான். கோயம்புத்தூர்க்காரன். பாரிசில் கணினி ஆராய்ச்சி செய்கிறவனைத் தமிழ் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காகப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

முதலில் எல்லோரும் தங்கள் விருப்பத்தை ஒட்டுத்தாளில் எழுத வேண்டும். சிசிலியா பெரிய எழுத்தில் 'கூரை' என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, அதன் கீழே 'கக்கூஸ்' என்றும் எழுதினாள். அருண்பிரசாத் சொல்லக் கேட்ட எலோடி, அதைக் கொண்டுபோய்ச் சுவரில் 'கனவுகள்' என்ற தலைப்பின் கீழ் ஒட்டினாள். 'உணர்வுகள்' என்று இன்னொரு தலைப்பு இருந்தது, 'நிறங்கள்' என்று இன்னொன்று. 'செய்ய வேண்டியவை' என்று எந்தத் தலைப்பும் இல்லை.

மேம்பாட்டின் பணிப்பாளர் மரி-கிளேர் எழுந்தார். நரைத்த தலை, அழகான குரல், அதைவிட அழகான சால்வை.

"அன்பர்களே, பதினொரு வருடமாக நான் இந்த எல்லைக் கடவையைத் திட்டமிடுகிறேன். ஒரு நாள்கூட அங்கே போனதில்லை. போயிருந்தால் நான் பார்த்த அந்த ஒரு வரிசை என் மனதில் தங்கிவிடும், பிறகு என்னால் நடுநிலையாகச் சிந்திக்க முடியாது. காத்திருப்பைக் குறையுங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். அது சுலபமான வழி. கூண்டுகளில் இன்னும் நாலு பேரை உட்காரவைத்தால் குறைந்துவிடும். ஆனால் அதில் திட்டமிடல் எங்கே இருக்கிறது? நாங்கள் காத்திருப்பைக் குறைக்க வரவில்லை, அதைப் புரிந்துகொள்ள வந்திருக்கிறோம்."

மேம்பாட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். கோப்பியும் பிஸ்கட்டும் இதற்குப் பிறகுதான் என்று தெரிந்ததால் மற்றவர்களும் தட்டினார்கள்.

பிறகு திரையில் ஒரு வட்டம் வந்தது. ரூ காயில் நானூற்றிப் பன்னிரண்டு பேரைக் கேட்டிருந்தார்கள். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் முந்நூற்றி எண்பத்தொன்பது பேர். அத்தனை பேரும் ஆண்கள். காத்திருக்காதவர்கள் இருபத்திமூன்று பேர். அத்தனை பேரும் பெண்கள்.

"நூற்றுக்கு நூறு!" என்றார் மரி-கிளேர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமான முடிவை நான் கண்டதில்லை. தமிழ்ச் சமூகத்தில் காத்திருப்பது ஆண்களின் வழக்கம். அந்தப் பண்பாட்டை நாங்கள் மதிக்கிறோம்."

சிசிலியா எழுந்துவிட்டாள். கையை உயர்த்தினாள். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், தான் ஒரு பெண் என்றும், தான் ஐந்து மணித்தியாலமும் பத்து நிமிடமும் நின்றவள் என்றும் சொன்னாள்.

மரி-கிளேர் வட்டத்தைப் பார்த்தார், சிசிலியாவைப் பார்த்தார், மறுபடியும் வட்டத்தையே பார்த்தார். "புள்ளிவிவரப்படி இரண்டும் ஒன்றாக நடக்க முடியாது. ஒன்றில் நீங்கள் காத்திருக்கவில்லை, அல்லது நீங்கள் பெண் இல்லை. எது என்று யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை."

அருண்பிரசாத் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தான். "அக்கா, அந்த டாப்லெட் கேட்டப்ப நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"ஓம் எண்டு சொன்னனான்."

"போச்சு. பிரெஞ்சுல ஆம்பளைக்கு என்ன வார்த்தைக்கா?"

"ஓம்," என்று சொல்லிவிட்டு சிசிலியா அப்படியே நின்றாள். எழுதும்போது முன்னால் 'எச்' என்று ஓர் எழுத்து உண்டு, வாயில் அது வராது. இருபத்திரண்டு வருடமாக அந்த ஓமும் இந்த ஓமும் ஒன்றோடொன்று முட்டாமல் அவள் வாய்க்குள் குடியிருந்திருக்கின்றன.

"'இல்லை'ன்னு சொன்னவங்கள 'எல் லே'ன்னு அந்தப் பொண்ணு காதுல கேட்டிருக்கும். 'எல்'லுன்னா அவள். அப்ப இல்லைன்னு சொன்னவங்க எல்லாம் லேடீஸ் ஆயிட்டாங்க," என்றான் அவன். "நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காதுல்லக்கா?"

"நான் ஏன் தம்பி ஆமா எண்டு சொல்ல வேணும்? ஓமெண்டதுக்கு ஓம் எண்டுதானே சொல்லுறது!"

அருண்பிரசாத் எல்லாவற்றையும் மரி-கிளேருக்கு விளக்கினான். அவர் குழந்தைபோல மகிழ்ந்துபோனார். "எவ்வளவு அழகு! இதை அறிக்கையின் பின்னிணைப்பில் கட்டாயம் சேர்ப்போம்."

"அப்போ பிழையைத் திருத்த மாட்டீங்களா மேடம்?"

"பிழையா? தரவு என்பது மக்களின் குரல். மக்களின் குரலைத் திருத்த நாங்கள் யார்?"

அத்துடன் கோப்பி வந்தது. சிசிலியா ஒரு பிஸ்கட்கூட எடுக்காமல் வீட்டுக்குப் போனாள். போகும்போது அவளுடைய 'கூரை' சுவரிலிருந்து கழன்று நிலத்தில் கிடந்தது.

ஆனாலும் அடுத்த வருடம் கூரை வந்தது. மேம்பாட்டின் வண்ணத்தாள் ஒன்று தபாலில் வந்து சொன்னது: 'எல்லைக் கடவையில் புதிய காத்திருப்புக் கூடம். சராசரிக் காத்திருப்பு இனிப் பன்னிரண்டு நிமிடம்.' சிசிலியா அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள்.

அந்த மாதமே ஸ்ரீபனுக்கு மகள் பிறந்தாள். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்ததும் அவன் தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, நீங்கள்தான் ஞானத்தாய். ஞாயிறு பின்னேரம் அஞ்சு மணி. கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்திடாதேங்கோ. நீங்கள் பிந்தினா நிரஞ்சலாவின்ர தங்கச்சி நிக்கிறன் எண்டு சொல்லுறா."

நிரஞ்சலா ஸ்ரீபனின் மனைவி. அவளுடைய தங்கச்சி எந்தப் படத்திலும் நடுவில் நிற்கிறவள். சிசிலியா அன்றைக்கே வெள்ளைப் பட்டு வாங்கிப் பிள்ளைக்குச் சட்டை தைக்கத் தொடங்கினாள்.

"வெள்ளிக்கிழமையே போம்," என்றார் மடுத்தீன்.

"சனிக்கிழமை கல்யாண ஓடர். ஒம்பது சட்டை குடுக்க வேணும், முதலாளி விடான். ஞாயிறு விடிய வெளிக்கிட்டாக் காணும். பன்ரெண்டு நிமிஷம் எண்டு எழுதியிருக்கினம்."

"எழுதினவை அங்கை போனவையோ?"

அதற்குப் பதில் தெரிந்த சிசிலியா பட்டுச் சட்டையில் இன்னும் வேகமாக ஊசியை ஓட்டினாள்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குப் பஸ் எல்லைக் கடவைக்கு வந்தது. கூரை உண்மையாகவே இருந்தது, கண்ணாடியால் செய்த கூரை. அதன் கீழே இடுப்பளவுக்கு உயர்ந்த மேசைகள், இருக்க ஒரு வாங்குகூட இல்லை. ஆண்கள் நின்றபடி பேச விரும்புவார்கள் என்று அறிக்கையில் எழுதியிருந்தார்களாம். நடுவில் கம்பியைச் சுழற்றி விளையாடும் மேசைப் பந்து, மூலையில் நான்கு தியானப் பாய்கள். பாய்கள் அந்தப் பின்னிணைப்பின் பலன்; 'ஓம்' ஒரு மந்திரமும்கூட என்று அதில் எழுதியிருந்தார்களாம். பெண்கள் கழிவறைக் கதவில் ஓர் அறிவித்தல்: 'பெண்கள் இங்கே காத்திருப்பதில்லை என்பதால் மூடப்பட்டுள்ளது.'

பஸ்ஸில் வந்த மற்றவர்கள் பாஸ்போட்டை நீட்டிவிட்டுப் போய்க்கொண்டேயிருந்தார்கள். அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. சிசிலியாவின் பாஸ்போட்டை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது.

கூண்டுக்குள் இருந்த ஆன்ஜெலிக் என்ற அதிகாரி திரையைப் பார்த்தாள். "நீங்கள் எங்கள் பங்களிப்பாளர், வாழ்த்துகள். ஆனால் பாஸ்போட்டில் பெண் என்றிருக்கிறது, மேம்பாட்டின் பதிவில் ஆண் என்றிருக்கிறது. பதிவு ஒத்திசைவு மேசைக்குப் போங்கள்."

"அது எங்கை?"

"அதோ. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரைக்குத் திறக்கும்."

பஸ் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. சிசிலியா உயர்ந்த மேசை ஒன்றைப் பிடித்தபடி நின்றாள். பட்டுச் சட்டைப் பையை நிலத்தில் வைக்க மனமில்லாமல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள். பத்து மணியானது, பன்னிரண்டானது. அடிவயிறு கல்லாய்க் கனத்தது. இரண்டு தரம் போய் மூடிய கதவைத் தள்ளிப் பார்த்தாள். ஸ்ரீபன் மூன்று தரம் எடுத்தான். மூன்றாம் தரம் அவள் எங்கே நிற்கிறாள் என்றுகூட அவன் கேட்கவில்லை. "சரியக்கா, தங்கச்சியைச் சேலை உடுக்கச் சொல்லட்டே?" என்று மட்டும் சொன்னான். சிசிலியாவுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை, எல்லோரும் அவ்வளவு மரியாதையாக இருந்தார்கள்.

ஒன்று நாற்பதுக்கு மேசை திறந்தது. அதே மஞ்சள் மேலங்கியில் எலோடி.

"மதாம், உங்களை எனக்கு நினைவிருக்கிறது! நீங்கள் பெண் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் தெரிவதை நான் பதிய முடியாது. கேள்வியை மறுபடி கேட்டு, நீங்கள் சொல்வதைத்தான் பதியலாம்."

"நான் பெண்!" என்று சிசிலியா பிரெஞ்சில் கத்தினாள்.

"பிரெஞ்சில் சொன்னால் இயந்திரம் ஏற்காது. உங்களுடையது தமிழ்ப் பதிவு. அது உங்கள் தாய்மொழி உரிமை."

டாப்லெட் தொண்டையைச் செருமிக்கொண்டது. "மதிப்புக்குரிய பயனாளரே! தாங்கள் இன்று எல்லைக் கடவையில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தது உண்டா?"

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். நான்கு மணித்தியாலமும் பத்து நிமிடமும். ஓ என்று வாய் குவிந்துவிட்டது. சட்டென்று உதட்டைக் கடித்து அதை நிறுத்தினாள்.

"காத்திருந்தனான்!" என்றாள்.

"பதில் விளங்கவில்லை," என்றது டாப்லெட்.

அருண்பிரசாத் ஞாபகத்துக்கு வந்தான். "ஆம்," என்றாள்.

எலோடியின் விரல் அந்தரத்தில் நின்றது. "ஆம்? ஆன்மாவா, மதாம்? எங்கள் மொழியில் ஆம் என்றால் ஆன்மா. மன்னிக்கவும், ஆன்மாக்களுக்குப் பெட்டி இல்லை. இன்னுமொரு தரம்தான் கேட்கலாம். அதற்குப் பிறகு பதிவு பூட்டிவிடும்."

வெளியே அடுத்த பஸ்ஸுக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அது ஒன்று ஐம்பத்தைந்துக்கு எடுக்கும். ஒன்றில் நீங்கள் காத்திருக்கவில்லை, அல்லது நீங்கள் பெண் இல்லை என்று மரி-கிளேர் சொன்னது சிசிலியாவுக்கு இப்போதுதான் முழுதாக விளங்கியது. உண்மையைச் சொன்னால் அவள் ஆண், ஆணென்றால் இன்றைக்குப் போக முடியாது. நிரஞ்சலாவின் தங்கச்சி பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நிற்கும் படம் அவள் கண்ணுக்குள் வந்தது.

டாப்லெட் மூன்றாம் தரமும் கேட்டது.

கால் வீங்கி, முகம் கறுத்து, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நின்ற சிசிலியா பல்லைக் கடித்தபடி சொன்னாள். "இல்லை."

எலோடியின் முகம் மலர்ந்தது. பெட்டியைத் தொட்டாள். பச்சை விளக்கு எரிந்தது.

"போய் வாருங்கள், மதாம்! உங்கள் பங்களிப்புக்கு நன்றி."

மேலே தொங்கிய மின்பலகையில் எழுத்து மாறியது. 'இன்று நான்கு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்த பெண்கள்: 0'. அதன் கீழேயே சிசிலியா பஸ்ஸுக்கு ஓடினாள்.

லண்டனில் அவள் கோயிலுக்குள் ஓடி வந்தபோது ஐந்தே கால். ஃபாதர் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். நிரஞ்சலாவின் தங்கச்சி சேலை உடுத்து, பிள்ளையை ஏந்திக்கொண்டு நடுவில்தான் நின்றாள். சிசிலியா பட்டுச் சட்டையை நிரஞ்சலாவின் கையில் திணித்துவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

ஃபாதர் அவளை நேராகப் பார்த்து, நீட்டி முழக்கி, வானொலிக் குரலில் கேட்டார். "ஞானத்தாயே! பசாசையும் அதன் செயல்கள் அனைத்தையும் விட்டுவிடுகிறீரோ?"

"இல்லை!" என்றாள் சிசிலியா.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். ஃபாதர் புத்தகத்தை மெல்ல இறக்கினார்.

"சிசிலியா, என்னம்மா சொல்லுறீர்? திரும்பக் கேக்கிறன், ஆறுதலாச் சொல்லும்."

"ஐயோ ஃபாதர்! ஓம்! ஓம்! விட்டுவிடுறன்!" அவள் போட்ட சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டு விழித்து அழத் தொடங்கியது. சொல்லிவிட்டு அவள் ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். யார் கையிலும் டாப்லெட் இல்லை.

எல்லாம் முடிந்து, இந்த முறை படத்தில் நடுவில் நின்று, கழிவறைக்கும் போய்விட்டு வந்த பிறகு, பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கக் கூப்பிட்டார்கள். சிசிலியா பேனையை வாங்கவில்லை. பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து, வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஃபாதரும் சனமும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா பாக்கிறியள்?" என்றான் ஸ்ரீபன்.

"ஞானத்தகப்பன் எண்டு போட்டிருக்கினமோ எண்டு பாக்கிறன்," என்றாள் சிசிலியா.